பாண், சம்பல், வட்டிலப்பம்: எங்கட குசினிக்குள் இருக்கும் வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு இது. அவசரமில்லாத நேரத்தில் வாசியுங்கள்.

சென்ற தவணையில் தரம் 9 பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடத்தில் ஓர் ஒப்படை கொடுத்தோம். வீட்டில் சமைக்கும் ஏதாவது ஓர் உணவைத் தெரிவுசெய்து, அதை யாரிடம் கற்றார்கள், எப்படிச் செய்கிறார்கள், அது எங்கிருந்து வந்தது என்று இரண்டு பக்கம் எழுதிவர வேண்டும். வீட்டில் இருக்கும் மூத்தவர் ஒருவரிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும் என்பது நிபந்தனை. 34 பேர் எழுதி வந்தார்கள். பாதிக்கு மேல் யூடியூப் பார்த்து எழுதியது என்று வாசித்தவுடனே விளங்கிவிட்டது. "ஒலிவ் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி" என்று புத்தளத்து மூத்தம்மா ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்.

அதுகூடப் பரவாயில்லை. ஒப்படைகளைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு மாணவன் எழும்பிக் கேட்டான். "டீச்சர், நாங்க அரபு நாட்டிலிருந்து வந்த ஆக்கள்தானே? அப்ப எங்கட ஒரிஜினல் சாப்பாடு மந்திதானே? மத்ததெல்லாம் இங்க பழகினதுதானே?"

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. பலர் சரியென்று தலையாட்டினார்கள். மணி அடித்துவிட்டது. அன்று அரைகுறையாகச் சொன்ன பதிலைத்தான் இங்கே முழுமையாக எழுதுகிறோம். அந்த மாணவனுக்கு மட்டுமல்ல, தலையாட்டிய பிள்ளைகளின் உம்மா வாப்பாமாருக்கும் சேர்த்து.

மணி அடிக்க முன்னர் அவனிடம் ஒன்று கேட்டோம். "இண்டைக்குக் காலையில என்ன சாப்பிட்ட?" "பாணும் சம்பலும் டீச்சர்."

சரி, அதையே எடுத்துக்கொள்வோம். பாண் என்பது போர்த்துக்கேயச் சொல். அதைத் தின்ற குசினி, வைத்த மேசை, தேத்தண்ணி ஊற்றிய கோப்பை, சீனிப் போத்தல் இருக்கும் அலுமாரி என்று அந்த வீட்டுக் காலையில் பாதிச் சொற்கள் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தவை. 1505இல் இந்தக் கரைக்கு வந்தவர்கள், 1658இல் ஒல்லாந்தரிடம் எல்லாவற்றையும் இழந்து போனார்கள். சொற்களைத் திருப்பி எடுத்துப் போகவில்லை.

சம்பல் என்ற சொல்லோ மலாய் மொழியினுடையது. தமிழ்நாட்டில் போய்த் தேங்காய்ச் சம்பல் என்று கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கு விளங்காது. அங்கே துவையல் என்பார்கள், சட்னி என்பார்கள். ஜாவாவிலும் மலாயாவிலும் கொச்சிக்காயை அம்மியில் அரைத்துச் செய்வதற்குப் பெயர் சம்பல். தமிழரும் சிங்களவரும் நாமும் இன்று ஒரே பெயரில் சாப்பிடும் ஒரு சாமானுக்கு, நால்வரில் ஆகச் சிறிய சமூகமான மலாயர்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இனிக் கொச்சிக்காய். மிளகாய் என்று புத்தகத்தில் படித்தாலும் எங்கட வாயில் வருவது கொச்சிக்காய்தான். மலையாளக் கரையின் கொச்சித் துறையை நினைவூட்டும் பெயர் அது. செடியோ அமெரிக்காவினுடையது. போர்த்துக்கேயக் கப்பல்களில்தான் இந்தியக் கரைக்கும் இலங்கைக்கும் வந்தது. அதற்கு முந்திய எங்கள் முன்னோர் எவரும் கொச்சிக்காய் போட்ட கறி சாப்பிட்டதில்லை. உறைப்புக்கு அவர்களிடம் இருந்தது மிளகும் இஞ்சியும்தான். மிளகாய் என்ற சொல்லே மிளகைப் போல உறைக்கும் காய் என்பதால் வந்தது. இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் நம்பவே இல்லை. கொச்சிக்காய் இல்லாத வாப்பும்மாவை அவர்களால் கற்பனை செய்ய முடியவில்லை.

இதில் எம்மைக் குத்தும் ஒரு விசயம் இருக்கிறது. கொச்சிக்காயும் பாணும் கொண்டுவந்த அதே போர்த்துக்கேயர்தான் 1626இல் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் அடைக்கலம் கொடுத்து, சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். பாடப் புத்தகத்தில் இரண்டு வரியில் வரும் செய்தி அது. விரட்டியவன் கொண்டுவந்த காயை இடித்துத்தான் விரட்டப்பட்டவன் சம்பல் செய்தான். யாரும் அதை மறுத்து மிளகுக்குத் திரும்பிப் போகவில்லை.

சம்பலில் இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. மாசி.

இங்குதான் எமதூருக்கு ஒரு பெருமை இருக்கிறது. மொரோக்கோவைச் சேர்ந்த பயணி இப்னு பதூதா 1343இல் மாலைதீவுக்கு வந்து அங்கே காழியாராக இருந்தார். அங்கிருந்து 1344இல் இலங்கைக்குக் கப்பலேறினார். அவர் வந்திறங்கிய துறையைப் பத்தாலா என்று எழுதியிருக்கிறார். அது எங்கட புத்தளம்தான் என்பது பொதுவான கருத்து. ஆரியச் சக்கரவர்த்தி அப்போது இங்கே இருந்தார். கரை நெடுக ஆறு அடித்துக்கொண்டு வந்து ஒதுக்கிய கறுவா மரங்கள் குவிந்து கிடந்ததையும், மலபாரிலிருந்தும் மஃபரிலிருந்தும் வந்தவர்கள் அதை விலையில்லாமல் ஏற்றிப் போனதையும், பதிலுக்கு அரசனுக்குத் துணி கொடுத்ததையும் அவர் எழுதியிருக்கிறார். மஃபர் என்று அரபிகள் சொன்னது காயல்பட்டினம், கீழக்கரை எல்லாம் இருக்கும் தமிழ்நாட்டுக் கரை.

அதே நூலில் மாலைதீவைப் பற்றி எழுதும்போது ஒரு மீனைச் சொல்கிறார். இறைச்சி சிவப்பாக இருக்கும், கொழுப்பு இல்லை, ஆட்டிறைச்சி போல வாசம். ஒரு மீனை நாலாகப் பிளந்து, இலேசாக அவித்து, ஓலைக் கூடையில் போட்டுப் புகையில் தொங்கவிடுகிறார்கள். நன்றாகக் காய்ந்த பின் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யெமனுக்கும் அனுப்புகிறார்கள். வகுப்பில் இதை வாசித்துக் காட்டிவிட்டு "என்ன மீன்?" என்று கேட்டோம். பின் வாங்கில் இருந்து ஒருத்தி "மாசி டீச்சர்" என்றாள். அவளுடைய வாப்பா கடை வைத்திருக்கிறார். அந்தப் பதிலுக்கு அவளுக்கு முழுப் புள்ளி கொடுத்தோம். சூரை மீனை உப்புத் தண்ணீரில் அவித்து, புகை காட்டி, வெயிலில் காயவைத்து விறகுக்கட்டை போல ஆக்கும் அதே முறை இன்றும் இருக்கிறது. திவேஹி மொழியில் மாஸ் என்றால் மீன். மாசி என்று நாம் சொல்வது அந்தச் சொல்லைத்தான்.

680 வருடங்களுக்கு முன்னர் ஒரு மனிதர் மாசி செய்யும் இடத்திலிருந்து புறப்பட்டு நேரே எமதூருக்கு வந்திருக்கிறார். அவர் வந்த கப்பலில் ஒரு கூடை மாசி இருந்திருக்காதா என்று நாம் நினைப்பதுண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. ஆசைதான்.

ஆக, ஒரு காலைச் சாப்பாட்டில் போர்த்துக்கேயப் பாண், மலாய்ப் பெயர், அமெரிக்கக் காய், மாலைதீவு மீன், எங்கட தென்னை முக்கோணத்துத் தேங்காய். அரபு எங்கே என்று அந்த மாணவன் கேட்கக்கூடும். சாப்பிட முன்னர் சொன்ன பிஸ்மியில் இருக்கிறது. கந்தூரிக்கும் கலியாணத்துக்கும் ஆறு பேர் சுற்றி இருந்து உண்ணும் சஹனில் இருக்கிறது. சஹன் என்பது அரபியில் தட்டு. தட்டின் பெயர் அங்கிருந்து வந்தது. தட்டில் இருக்கும் சாமான்கள் இந்தக் கடலின் எல்லாக் கரைகளிலிருந்தும் வந்தன.

வட்டிலப்பத்துக்கு வருவோம். 34 ஒப்படைகளில் 9 அதைப் பற்றியவை. "அரேபியர் கொண்டு வந்த உணவு" என்று எழுதியவர்களே அதிகம்.

பெயரைப் பாருங்கள். வட்டில் தமிழ், அப்பமும் தமிழ். வட்டிலில் ஊற்றி அவிக்கும் அப்பம். சிங்களத்தில் வட்டலப்பன் என்கிறார்கள். ஆனால் கொழும்பிலோ அம்பாந்தோட்டையிலோ உள்ள மலாய் வீடு ஒன்றுக்குப் பெருநாளைக்குப் போனால் அதே சாமானைச் செரிகாயா என்று சொல்லித் தருவார்கள். மலாயாவிலும் இந்தோனேசியாவிலும் முட்டை, தேங்காய்ப்பால், சீனி சேர்த்து அவிக்கும் இனிப்புக்கு அதே பெயர்தான். சிங்கப்பூர் போய் வந்தவர்கள் பாணில் பூசும் காயாவைச் சாப்பிட்டிருப்பீர்கள். அது வட்டிலப்பத்தின் தம்பி. போர்த்துக்கலில் எல்வாஸ் என்ற ஊரிலும் செரிகாயா என்று ஒரு முட்டைப் பலகாரம் உண்டு. போர்த்துக்கேயர் மலாக்காவைப் பிடித்தது 1511இல். பெயர் எந்தப் பாதையால் அலைந்திருக்கிறது என்று பாருங்கள்.

இங்கே அதைக் கொண்டு வந்தவர்கள் மலாயர். ஒல்லாந்தரின் தலைமையகம் ஜாவாவின் பத்தாவியா, இன்றைய ஜகார்த்தா. அங்கிருந்து இலங்கைக்குச் சிப்பாய்களை அனுப்பினார்கள், கைதிகளை அனுப்பினார்கள், தமக்கு அடங்காத அரச குடும்பத்தவரை நாடு கடத்தினார்கள். ஜாவாவின் மாத்தாரம் அரசின் மன்னராக இருந்த மூன்றாம் அமங்குராத் 1708இல் இங்கே நாடு கடத்தப்பட்டார். மன்னர் வந்தது ஆவணத்தில் இருக்கிறது. அவரோடு அடுப்பூத வந்த பெண்களின் பெயர் எந்த ஆவணத்திலும் இல்லை. பிறகு ஆங்கிலேயரும் மலாயரைப் படையில் வைத்திருந்தார்கள். 1873இல் இலங்கை ரைபிள் படைப்பிரிவைக் கலைத்துவிட்டார்கள். அதற்கிடையில் மலாய்ச் சிப்பாய்கள் பலர் எங்கள் வீடுகளில் பெண் எடுத்திருந்தார்கள். ஒரே பள்ளியில் தொழுதவர்கள், சம்பந்தம் செய்ததில் ஆச்சரியமில்லை. செரிகாயா அந்தக் கலியாணங்களோடுதான் எங்கள் வட்டிலுக்குள் வந்து தமிழ்ப் பெயர் எடுத்திருக்க வேண்டும். தொதலும் அப்படி வந்ததுதான். அதற்குப் பெயர்கூட மாறவில்லை, அங்கேயும் தொதல்தான்.

(இடையில் ஒன்று. இலங்கை மலாயர் 1869இலேயே கொழும்பில் "அலாமத் லங்காபுரி" என்று ஒரு மலாய்ப் பத்திரிகை நடத்தினார்கள். அரபு எழுத்தில் மலாய். நாம் அரபு எழுத்தில் தமிழ் எழுதிய அதே காலம். இதைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும், இன்ஷா அல்லாஹ்.)

ஆனால் வட்டிலப்பம் மலாயருடையது என்று சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடாது. அதை வட்டிலப்பம் ஆக்குவது கித்துள் கருப்பட்டி. அந்தக் கறுத்த நிறமும் கொஞ்சம் புகைந்த வாசமும் சீனியில் வராது. கித்துள் எங்கட வரண்ட மண்ணில் இல்லை. கேகாலை, இரத்தினபுரி, மாத்தளைப் பக்கத்து ஈரக் காடுகளில் சிங்களக் கிராமத்தவர்கள் மரத்தில் ஏறிப் பாளை சீவி, முட்டி கட்டி, காலையும் மாலையும் இறக்கிய பாணியைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி எடுக்கும் கருப்பட்டி அது. அதனால்தான் அரை உருண்டையாக இருக்கிறது. ஏறி விழுந்து இடுப்பு உடைந்தவர்கள் உண்டு. இன்று கடையில் கிடைப்பதில் பாதி சீனிக் கலப்பு. நல்லதென்றால் கத்தி வைத்தவுடன் பொலபொலவென்று உதிரும்.

மேலே துருவும் சாதிக்காய் பண்டாத் தீவுகளுடையது. அந்தத் தீவுகளை ஒல்லாந்தர் 1621இல் பிடித்தபோது அங்கிருந்த மக்களைக் கொன்றும் கடத்தியும் ஏறக்குறைய இல்லாமலே ஆக்கினார்கள். கஜு பிரேசிலினுடையது, அதையும் பெயரோடு போர்த்துக்கேயரே கொண்டு வந்தார்கள். இன்று எங்கட வனாத்தவில்லுவில் காய்க்கிறது. முட்டையும் தேங்காயும்தான் வீட்டுச் சாமான்.

செய்முறையைச் சொல்லாவிட்டால் மனைப்பொருளியல் டீச்சர் எம்மோடு கோபிப்பார். எமது வீட்டுக் கணக்கு இது. 10 முட்டைக்கு அரைக் கிலோ கருப்பட்டி, ஒரு பெரிய தேங்காயின் முதல் பால். கருப்பட்டியை மிகக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்து வடிக்க வேண்டும், மண் இருக்கும். அது ஆறும் வரை பொறுக்க வேண்டும். சூட்டோடு முட்டையை ஊற்றினால் முட்டை அந்த இடத்திலேயே வெந்து திரிந்துவிடும். முட்டையை நுரைக்க நுரைக்க அடிக்கக்கூடாது. ஏலமும் சாதிக்காயும் கடைசியில். வட்டிலை மூடி, மூடிக்கும் வட்டிலுக்கும் இடையில் துணி ஒன்று போட வேண்டும். இல்லாவிட்டால் ஆவித் தண்ணீர் சொட்டி மேலே குழி விழும். சிறு நெருப்பில் முக்கால் மணித்தியாலம். நெருப்பு கூடினால் உள்ளே தேன்கூடு போல ஓட்டை விழுந்து தண்ணீர் விடும். ஓட்டை விழுந்தால்தான் வட்டிலப்பம் என்று வாதாடும் வீடுகளும் இருக்கின்றன. அந்தச் சண்டைக்குள் நாம் போக விரும்பவில்லை. எங்கட மாமி ஓட்டைக் கட்சி.

2022இல் சாமான் விலை ஏறி, அடுத்த வருடம் முட்டையை இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்யும் நிலைமை வந்தபோது 5 முட்டையில் வட்டிலப்பம் செய்தோம். கோதுமை மா கொஞ்சம் சேர்த்துச் சமாளித்தவர்களும் உண்டு. வெட்கப்பட ஒன்றுமில்லை. அதுவும் எழுதி வைக்க வேண்டிய செய்முறைதான்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விபரமாகச் சொல்கிறோம் என்றால், சாப்பாட்டை வைத்தே எம்மை அடித்த காலத்தை நாம் பார்த்துவிட்டோம். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் ஏதோ கட்டியாகக் கிடந்தது. சிங்களவருக்குப் பிள்ளை பிறக்காமல் செய்யும் குளிசை அது என்றார்கள். கடையை உடைத்தார்கள், பள்ளியைத் தாக்கினார்கள். அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பரிசோதித்து, அது மாவுக் கட்டிதான் என்று அறிக்கை கொடுத்தார். அப்படியொரு குளிசை உலகத்திலேயே கிடையாது. அறிக்கை வரும்போது திகனையும் எரிந்து முடிந்திருந்தது.

அடுத்த வருடம் 2019. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், அதன் பிறகு மே 13ஆம் திகதி எமது மாவட்டத்துக்குள்ளேயே கொட்டாரமுல்லையில் நடந்தது, எல்லோருக்கும் தெரியும். ஜூனில் நோன்புப் பெருநாள். எமது வீட்டுக்கு முன்னால் சிங்களக் குடும்பம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பெருநாளைக்கும் வட்டிலப்பம் கொடுத்தனுப்புவோம். சித்திரை வருடப் பிறப்புக்கு அவர்கள் கொக்கிஸும் கிரிபத்தும் அனுப்புவார்கள். கோப்பையை வெறுமையாகத் திருப்பி அனுப்பும் பழக்கம் இரண்டு வீட்டிலும் இல்லை. அந்த வருடம் காலையிலிருந்து குசினியில் விவாதம். "கொடுக்க வேணாம், திண்டுட்டு வயித்துக்குத்து வந்தா நம்ம மேலதான் வரும்" என்றார் மாமி. "கொடுக்காட்டி அதுக்கும் கதை வரும்" என்றார் வாப்பா. எம்மிடம் பதில் இல்லை. 15 வருடமாக யோசிக்காமல் செய்த ஒரு காரியத்தைச் செய்ய அன்று எமக்குக் கை வரவில்லை.

கடைசியில் உம்மா தானே எடுத்துக்கொண்டு போனார். அந்த வீட்டு அக்கா கதவைத் திறந்தவர், உள்ளே கொண்டுபோய் வைக்கவில்லை. அந்த இடத்திலேயே, வாசலில் நின்றபடியே, கரண்டிகூட இல்லாமல் விரலால் எடுத்து வாயில் போட்டார். பிறகு தன் மகனைக் கூப்பிட்டு அவனுக்கும் ஊட்டினார். தெருவில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை அவர் இதைப் பற்றிப் பேசவில்லை. கோப்பை மத்தியானம் வந்தது, உள்ளே நாலு கோழிக்கூட்டு வாழைப்பழம்.

அந்தக் கோப்பையில் இருந்தது யாருடைய உணவு? கேகாலையில் யாரோ ஒரு சிங்கள மனிதர் ஏறிச் சீவிய கித்துள். ஜாவாவிலிருந்து விலங்கோடு வந்தவர்களின் பக்குவம். தமிழில் பெயர். எங்கட உம்மாவின் கை. அதைத் திரும்பவும் ஒரு சிங்கள வீட்டுக் கதவில் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் நாம் பயந்தோம்.

அந்த 9 வட்டிலப்பங்களில் ஒன்றை மட்டும் நாம் வீட்டுக்குக் கொண்டு வந்து இரண்டு தரம் வாசித்தோம். எழுதியவள் இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை. அவளுடைய உம்மும்மா யாழ்ப்பாணம் சோனகத்தெருவைச் சேர்ந்தவர். 1990 ஒக்டோபர் 30 அன்று, சில மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டு வெளியேறச் சொன்ன அன்று, ஒரு பையோடு வந்தவர். வடக்கிலிருந்து அப்படி விரட்டப்பட்ட சுமார் 75,000 பேரில் பெரும்பகுதியினர் எமது மாவட்டத்துக்குத்தான் வந்தார்கள். அந்த நாட்களில் ஓலைக் கொட்டில்களுக்கு முன்னால் புத்தளத்துப் பெண்கள் சட்டி சட்டியாகச் சோறு கொண்டுபோய் வைத்ததை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பிறகு தண்ணீருக்கும் காணிக்கும் பள்ளிக்கூட இடத்துக்கும் மனக்கசப்பு வந்ததையும் மறைக்கத் தேவையில்லை.

அந்த ஒப்படையில் பிள்ளை இப்படி எழுதியிருந்தாள். உம்மும்மா கித்துளோடு பனங்கட்டியும் பாதிக்குப் பாதி போடுவாராம். அங்கே அப்படித்தானாம். இங்கே வந்த முதல் பெருநாளில் கற்பிட்டிப் பனங்கட்டி தேடி எடுத்து அவித்தாராம். பக்கத்து வீட்டு ஊராக்கள் சாப்பிட்டுப் பார்த்து "இது என்ன வட்டிலப்பம்?" என்று கேட்டார்களாம். அளவு எல்லாம் சுண்டுக் கணக்கு. ஓரிடத்தில் "பித்தளைச் சட்டி இருந்தால் நல்லது, அது அங்கே அடுப்படியில் இருக்கிறது" என்று நிகழ்காலத்தில் எழுதியிருந்தாள். இலக்கணப் பிழையா என்று கேட்டோம். "இல்ல டீச்சர், உம்மும்மா அப்பிடித்தான் சொன்ன."

மூன்று மாதம் கழித்து அந்த உம்மும்மா மௌத்தாகிவிட்டார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். மையித்து வீட்டுக்குப் போனபோது பிள்ளையின் உம்மா எம்மிடம் கேட்டது ஒன்றுதான். "டீச்சர், அந்தக் கொப்பி ஒங்களிட்ட இருக்கா? எனக்கு அளவு தெரியாது. அவ இருக்கிறாதானே எண்டு நான் கேட்கவே இல்ல." கொப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். சிவப்புப் பேனையில் நாம் போட்ட பத்துக்கு ஏழு அதில் அப்படியே இருந்தது. அதைப் பார்க்க எமக்கு வெட்கமாக இருந்தது.

நோன்புக் கஞ்சியைப் பற்றி நீளமாக எழுத நினைத்தோம், பதிவு நீண்டுவிட்டது. சுருக்கமாக: காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அசருக்குப் பிறகு பாத்திரத்தோடு பள்ளியில் வரிசை நிற்பதை எங்கட பிள்ளைகள் பார்த்தால் ஊர் என்றே நினைப்பார்கள். அரிசி, தேங்காய்ப்பால், இஞ்சி, உள்ளி, வெந்தயம், கொஞ்சம் இறைச்சி. ஒரு கரையில் பழகியதுதான் இரண்டு கரைக்கும் வந்திருக்கிறது. சஹனில் ஆறு பேர் உண்பது சுன்னத்தான பழக்கம் என்று விட்டுக்கொடுக்காத நாம், இப்போது கலியாண மண்டபங்களில் தட்டை ஏந்தி வரிசையில் நிற்கத் தொடங்கியிருப்பதைப் பற்றியும் ஒரு நாள் பேச வேண்டும்.

மந்திக்கு வருகிறோம். அந்த மாணவன் கோபிக்கக்கூடாது. நாமும் மந்தி சாப்பிடுகிறோம், எமக்கும் பிடிக்கும். அது யெமனின் ஹளரமவ்த் பகுதியின் உணவு. நிலத்தில் குழி தோண்டி, நெருப்பில் இறைச்சியைத் தொங்கவிட்டு, கீழே சோற்றை வைத்துக் கொழுப்பு சொட்டச் சொட்ட வேகவைப்பது அதன் பக்குவம். இங்கே அது வந்தது ஆயிரம் வருடத்துக்கு முன்னர் அல்ல. 70களின் பிற்பகுதியிலிருந்து எங்கள் காக்காமாரும் ராத்தாமாரும் சவூதிக்கும் கட்டாருக்கும் உழைக்கப் போன பிறகுதான். வீட்டு வேலைக்குப் போன ராத்தாமார் அடுத்தவர் குசினியில் நின்று கற்றுக்கொண்டு வந்த உணவு அது. அந்தக் கதை எழுதப்பட வேண்டிய கதை, அவர்களின் கண்ணீர் அதில் இருக்கிறது. ஆனால் மந்தியின் பாசுமதி அரிசியும் பஞ்சாப் பக்கத்து வயல்களில் விளைவதுதான். அரபு நாட்டிலும் சஹனுக்குள் வேறு கரையின் சாமான் இருக்கிறது.

"எங்கட ஒரிஜினல்" என்று கேட்ட பிள்ளைக்கு எமது பதில், உன் மூத்தம்மாவிடம் போய்க் கேள் என்பதுதான். அரபுக் கப்பல் வந்தது உண்மை. அந்தக் கப்பலில் வந்த ஆண்கள் இங்கேதான் பெண் எடுத்தார்கள். சமைத்தது அந்தப் பெண்கள். ஏழு நூறு வருடத்துக்கு முன்னர் மாசியும் கறுவாவும் துணியும் கைமாறிய இதே கரையில் இருந்துகொண்டு, "நீங்கள் எப்போது வந்தீர்கள்?" என்று கேட்பவர்களுக்கும், "நாம் இந்த மண்ணின் ஆக்கள் இல்லை" என்று நினைக்கும் எங்கட பிள்ளைகளுக்கும் காட்ட எங்களிடம் செப்பேடு அதிகம் இல்லை. குசினிச் சொற்கள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லக்கூடியவர்கள் எண்பது வயதில் இருக்கிறார்கள்.

அடுத்த தவணையில் அந்த ஒப்படையை மீண்டும் கொடுக்கப் போகிறோம். இந்த முறை புள்ளி இல்லை. ஒவ்வொரு வகுப்புக்கும் 80 பக்கக் கொப்பி ஒன்று. பிள்ளை எழுதுவது மூத்தவர் சொன்ன வாயிலேயே இருக்க வேண்டும், திருத்தக்கூடாது. சுண்டு என்றால் சுண்டு, "ஒரு கை" என்றால் ஒரு கை. நிறைந்த கொப்பிகளைப் பாடசாலை நூலகத்தில் வைக்க அதிபர் சம்மதித்திருக்கிறார்.

உங்களிடம் இரண்டு விசயம் வேண்டும். புத்தளத்தில் மட்டும் செய்யும், வேறு ஊரில் நீங்கள் காணாத உணவு ஏதாவது இருந்தால் பெயரை எழுதி அனுப்புங்கள். மற்றது, வட்டிலப்பம் அவிக்கும் அந்த வாயகன்ற பித்தளைச் சட்டிக்கு உங்கள் வீட்டில் என்ன பெயர்? சோனகத்தெருவில் அதற்குத் தனிப் பெயர் ஒன்று இருந்ததாம். பிள்ளைக்கு அது ஞாபகம் இல்லை. யாழ்ப்பாணத்து மூத்தவர் யாராவது வீட்டில் இருந்தால் இன்றைக்கே கேட்டுச் சொல்லுங்கள்.